கூவிய பிறகுதான் தெரிந்தது

இந்த முறை கோழிக்குஞ்சு பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள். இதில் நான் செய்த தவறு ஒன்று இருக்கிறது. அதற்குப் பணம் கட்டியது என் அக்கா மகள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விடுதிக் கட்டணத்துக்கு யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று சில்கி கோழி வளர்க்கத் தொடங்கினாள். பஞ்சு உருண்டை போல இருக்குமே, கருப்புத் தோலும் காலுக்கு ஐந்து விரலும் உள்ள இனம், அதுதான். வீட்டிலேயே அடைவைத்து எட்டுக் குஞ்சு பொரித்தது. அழகுக்கோழி வாங்குகிறவர்கள் ஜோடியாகத்தான் கேட்பார்கள். குஞ்சுகளுக்குப் பத்து வாரம் ஆனபோது ஒருவர் வந்து, ஒரு ஜோடிக்கு 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார்.

"மாமா, எது சேவல், எது பெட்டைன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள்.

நான் நாட்டுக்கோழிகளோடு வளர்ந்தவன். அதில் ஆறேழு வாரத்திலேயே சேவல்குஞ்சுக்குத் தலையில் பூ சிவந்து தடிக்கும், தாடி தெரியத் தொடங்கும். மூன்று மாதத்தை ஒட்டிக் கழுத்திலும் முதுகின் பின்பக்கத்திலும் ஈட்டி போலக் கூரான இறகு வரும். பெட்டைக்கு அந்த இறகின் நுனி உருண்டிருக்கும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்குப் பூ நன்றாகப் பெருத்திருந்தது, சேவல் என்றேன். இன்னொன்றில் சிவப்பும் இல்லை, கூர் இறகும் இல்லை. பெட்டை என்றேன். அம்மா மட்டும், "அவசரப்படாதடா, கூவட்டும், இல்ல முட்டை போடட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. படித்தவன் அல்லவா!

இரண்டரை மாதம் கழித்து வாங்கியவர் கூடையோடு வந்து நின்றார். 'பெட்டை' விடியற்காலையில் கூவுகிறதாம். "தெரியாமக் கொடுத்தியா, தெரிஞ்சே கொடுத்தியாம்மா?" என்று தெருவில் வைத்துக் கேட்டார். அவள் உள்ளே போய் 1,500 ரூபாயை எடுத்து வந்து கொடுத்தாள். "மாமாதான் சொன்னாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். சில்கியின் பூவே வேறு. தட்டையாக, வாதுமைக் கொட்டைபோல மேடுபள்ளமாக, கருஞ்சிவப்பில் இருக்கும். அதில் நான் ரத்தச் சிவப்பைத் தேடியிருக்கிறேன். இறகின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் நுண்கொக்கிகள் அதற்குச் சரியாக அமைவதில்லை. அதனால்தான் பஞ்சுபோல நிற்கிறது. கூர் இறகு வைத்துச் சேவலைக் கண்டுபிடிப்பது அங்கே எடுபடாது. ஒருவருக்குச் செய்த அளவுகோலால் இன்னொருவரை அளக்காதே என்று மேடையில் பேசுகிற ஆள் நான். கோழிக்கூண்டுக்கு முன்னால் மறந்துவிட்டேன்.

வேறு வழி இல்லையா என்று கேட்பீர்கள். பொரித்த முதல் நாளில் குஞ்சின் ஆசனவாயைப் பிதுக்கிப் பார்க்கும் முறை இருக்கிறது. ஜப்பானில் கியோஷி மசூயும் உடன் உழைத்தவர்களும் உருவாக்கியது, 1933இல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. ஆனால் நீண்ட பயிற்சி வேண்டும், தெரியாத கை பட்டால் குஞ்சு செத்துப்போகும். இறக்கை இறகின் நீளத்தைப் பார்ப்பது, அதற்கென்றே இணைசேர்த்த இனங்களில் முதல் ஓரிரு நாள் மட்டும்தான் பலிக்கும். முட்டைக்கு மேல் மோதிரத்தை நூலில் கட்டி ஆட்டுவது வெறும் கதை. கோழியில் ஆணா பெண்ணா என்பது தாயின் குரோமோசோமால் முட்டையிலேயே முடிவாகிறது. தோராயமாகப் பாதிக்குப் பாதி.

சில்கியில் மூன்று மாதத்துக்குப் பிறகு சில அறிகுறிகள் உண்டு. சேவலுக்குப் பூ அகன்று தடிக்கும். தலைக்கொண்டையிலிருந்து சில இழைகள் பின்னோக்கி நீளும். பெட்டையின் கொண்டை பந்துபோல உருண்டு நிற்கும், பூ சிறுத்திருக்கும். இவை எல்லாம் சேர்ந்து வந்தால் 'இருக்கலாம்' என்று சொல்லலாம். நெஞ்சை நிமிர்த்திச் சண்டைக்கு நிற்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பெட்டைக்குஞ்சும் அதைச் செய்யும். கூவலும் முட்டையும் வர ஐந்தாறு மாதம் ஆகும், சிலதுக்கு இன்னும் கூடும். அம்மா சொன்னதும் அதைத்தான்.

பணத்தைத் திருப்பித் தரப் போனேன். "அடுத்த மாசத் தீவனத்தை நீங்க வாங்கிக் குடுங்க மாமா, போதும்" என்றாள். இப்போது ஒவ்வொரு குஞ்சின் காலிலும் வண்ண வளையம். நோட்டில் மூன்று பத்தி: சேவல், பெட்டை, தெரியாது. சின்னக் குஞ்சு கேட்டு வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்கிறாள்: "எதுன்னு உறுதி இல்லை, அதனால விலை கம்மி. ஜோடிதான் வேணும்னா ஆறு மாசம் பொறுங்க."

போன வாரம் புதுக் குஞ்சுகளைக் காட்டி, "மாமா, இந்த வெள்ளை எது?" என்றாள்.

"தெரியாதும்மா" என்றேன். சிரித்துக்கொண்டே மூன்றாவது பத்தியில் எழுதிக்கொண்டாள்.