கூரை மடங்கும் காரும் 1,800 பவுண்டும்

லண்டனில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது "சார், அங்கே என்னவெல்லாம் பார்த்தீர்கள்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அரண்மனை, தேம்ஸ் நதி எல்லாம் படமாகப் போட்டாகிவிட்டது. இது ஒரு பழைய கார் வாங்கிய கதை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மருமகள் அங்கே மருத்துவமனையில் செவிலியர். கூடுதலாக இரவுப் பணி பார்த்து 3,000 பவுண்டு தனியாகச் சேர்த்து வைத்திருந்தாள். நாற்பது வயதுக்குள் கூரை திறக்கிற கார் ஒன்று ஓட்டிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. துணிக்கூரை வேண்டாம், தெருவில் நிறுத்தினால் எவனாவது கிழித்துவிடுவான். கெட்டிக் கூரையே மடங்கி டிக்கிக்குள் போய் உட்காருகிற வகைதான் வேண்டும் என்றாள். "மழை பெய்கிற ஊரில் இது எதற்கு?" என்றான் மகன். சம்பாதித்தவள் அவள், ஆசையும் அவளுடையது. நான் அவள் பக்கம் நின்றேன்.

இந்த மடங்கும் கூரை இன்று நேற்று வந்ததல்ல. ஜார்ஜ் போலன் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் யோசித்தது. அவர் வடிவமைப்பில் 1934-லேயே பெஜோ நிறுவனம் கார் செய்து விற்றது. பல் பிடுங்குகிறவருக்குக் கார்மேல் என்ன மோகமோ! இரண்டாம் உலகப் போரில் ரகசிய எதிர்ப்புப் படையில் சேர்ந்ததற்காக 1942-இல் நாஜிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பிறகு அமெரிக்காவில் ஃபோர்டு 1957 முதல் 1959 வரை ஒன்று செய்தது. 1996-இல் மெர்சிடிஸ் மறுபடி கொண்டுவந்த பிறகுதான் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்தார்கள்.

நாங்கள் தேடியது ஃபோக்ஸ்வாகன் ஈயோஸ். கிரேக்கத்தில் விடியலின் தேவதை பெயராம். 2006 முதல் 2015 வரை தயாரித்தார்கள். கூரை ஐந்து துண்டு. 25 நொடியில் மடங்கிவிடும். நான்கு பேர் உட்காரலாம். ஆனால் கூரை உள்ளே போய்விட்டால் 380 லிட்டர் டிக்கி 205 ஆகச் சுருங்கிவிடும்.

விலைக்கு வருவோம். எங்கள் அப்பா மாட்டுச் சந்தைக்கு என்னை அழைத்துப் போவார். பல்லைப் பிடித்து வயது பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். தரகர் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார். இங்கிலாந்தில் பல் பார்க்கிற வேலையை அரசாங்கமே பாதி செய்து வைத்திருக்கிறது. மூன்று வயதான காருக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி என்ற சோதனை உண்டு. வண்டி எண்ணைத் தட்டினால் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மைல் ஓடியிருந்தது, எந்த டயர் தேய்ந்தது, எங்கே துரு என்று யாரும் காசில்லாமல் பார்க்கலாம். மீட்டரைத் திருப்பிவைத்தால் அதில் தெரிந்துவிடும். இந்தப் பதிவேட்டை நம் ஊரிலும் வைத்தால் பாதித் தரகர்களுக்கு வேலை போய்விடும்!

ஒரு மாதம் நானும் மருமகளும் நோட்டுப் போட்டு எழுதினோம். கடையில் 3,500 சொல்கிற வண்டி வீட்டுக்காரரிடம் நேரடியாக 3,000. டீசல் என்றால் விலை குறைவு. காரணம், 2023 ஆகஸ்ட் முதல் லண்டன் முழுவதும் பழைய டீசல் வண்டி ஓட்டினால் நாளுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். அதனால் பெட்ரோல்தான் என்று முடிவு செய்தோம். கூரை திறக்கிற வண்டிக்கு வசந்தத்தில் கிராக்கி, நவம்பரில் சீந்துவாரில்லை. நாங்கள் போனது நவம்பரில்.

கென்ட் பக்கம் ஒரு சிற்றூர். விற்பவர் என் வயதுக்காரர். கார் அவருடைய மனைவி ஓட்டியது. அவர் காலமாகி எட்டு மாதம். கதவுப் பையில் அந்த அம்மாவின் கண்ணாடிக் கூடு அப்படியே கிடந்தது. விளம்பரத்தில் '1,800 பவுண்டு, கூரை வேலை செய்யாது' என்று போட்டிருந்தார். ஒரு வியாபாரி வந்து பார்த்து, கூரையின் மோட்டார் போய்விட்டது, சரிசெய்ய 2,000-க்கு மேல் ஆகும் என்று சொல்லி 1,200-க்குக் கேட்டாராம்.

பார்க்க வேண்டியதைப் பார்த்தோம். கால்மிதிக்கு அடியில் கை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. இந்த வகை வண்டியில் அதுதான் முக்கியம். இலைச்சருகு அடைத்தாலோ ரப்பர் காய்ந்தாலோ தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும். முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டியவை. கியர் பெட்டி எண்ணெய் மாற்றும் கெடுவும் தாண்டியிருந்தது. மருமகள் டிக்கியைத் திறந்தாள். உள்ளே தோட்டத்துக்கு மண்மூட்டை ஏற்றிய தடம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாக, "மாமா, திரையை மாட்டவே இல்லை" என்றாள்.

டிக்கிக்குள் ஒரு தடுப்புத் திரை உண்டு. கூரை வந்து இறங்கும் இடத்தையும் சாமான் வைக்கும் இடத்தையும் அதுதான் பிரிக்கிறது. அதை இழுத்து மாட்டாவிட்டால், சாமானை நசுக்கிவிடக் கூடாதென்று கூரை அசையாது. அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். இவருக்குத் தெரியவில்லை.

"பேசாமல் இரு. 1,800 கொடுத்து எடுத்துவிட்டு வீட்டில் போய் மாட்டிக்கொள்ளலாம்" என்றான் மகன். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) "நாம் ஒன்றும் பொய் சொல்லவில்லையேப்பா. அவர் சொன்ன விலைக்குத்தானே வாங்குகிறோம்? 800 பவுண்டு! ஒரு தடவை ஊருக்கு வந்துபோகிற டிக்கெட்." சட்டப்படி அவன் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த வியாபாரி தெரிந்தே சொல்லியிருந்தால் அது பொய், எங்களுடையது மௌனம். அந்தப் பெரியவரின் பைக்கு இரண்டும் ஒன்றுதான். நான், "பணம் உன்னுடையது அம்மா, நீ சொல்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. திரையை இழுத்து மாட்டினாள். சாவியைப் போட்டு, பொத்தானைப் பிடித்தாள். டிக்கி பின்னால் திறந்துகொள்ள, கூரை எழும்பித் துண்டு துண்டாக மடிந்து உள்ளே போயிற்று. பெரியவர் வாசலில் நின்று பார்த்தபடி இருந்தார். "ஏப்ரலுக்குப் பிறகு இதை நான் பார்க்கவே இல்லை" என்றார்.

அதன்பிறகு பேரம் பேசியதும் அவள்தான். "கூரை வேலை செய்தால் இதன் விலை 3,000. டயரும் கியர் எண்ணெயும் எனக்கு 400 ஆகும். 2,600 தருகிறேன்" என்றாள். துண்டு போட்டு மூடாத பேரம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கொடுத்தேன்; சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அங்கேயே கைப்பேசியில் காப்பீடு எடுத்து, மருமகள் ஓட்டிவந்தாள், நான் பக்கத்தில். மகன் பழைய காரில் பின்னால் வந்தான். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், ரப்பருக்குத் தடவும் எண்ணெயை வாங்கிவந்து, யூடியூபைப் பார்த்துப் பார்த்துப் பூசிக்கொண்டிருந்தான். சின்னக் குப்பி, விலையைக் கேட்டால் தலை சுற்றும். வெளிநாட்டில் இந்த வண்டி வைத்திருக்கும் மாணவர்கள் யாராவது இருந்தால், இதை ஆண்டுக்கு எத்தனை முறை பூச வேண்டும் என்று சொல்லுங்கள். அவன் மாதம் ஒருமுறை என்கிறான்.