பொதட்டூர்பேட்டை நைனாவும் என் ஆர்.எக்ஸ். நூறும்!

திருத்தணிப் பக்கம் போகிறவர்கள் 365 படி ஏறி முருகனைப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் போனது ஒரு பிஸ்டனைக் காப்பாற்ற!

1998-ம் வருஷம். எனக்கு 25 வயசு. சென்னையில் ஓர் ஆபீஸில் கிளார்க். சொத்து என்று பார்த்தால் ஒரு பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100, அதற்குக் கட்ட வேண்டிய பாக்கித் தவணை, ரேஸ் ஆசை. மூன்றில் கடைசியாகச் சொன்னது அப்பா கொடுத்தது. சின்ன வயசில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சோழவரம் ரேஸுக்குப் போவார். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. விமானம் போய், மோட்டார் சைக்கிள் பறந்த இடம். 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாக ஒரு டிராக் போட்டது. 1990-ல் அது திறந்தது. சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. அங்கே ஒரே ஒரு தடவை ஓட்டிவிட்டால் போதும், அப்புறம் அம்மா காட்டுகிற பெண்ணுக்குத் தாலி கட்டிவிடலாம் என்று இருந்தேன்.

தீபாவளிக்கு ஆபீஸில் கொடுத்த அட்வான்ஸை (அம்மாவிடம் சொன்ன கணக்கு: வேட்டி, சட்டை, பட்டாசு) ஒரு பட்டறையில் கொட்டினேன். அவர்கள் சிலிண்டர் போர்ட்டை அரத்தால் ராவி அகலமாக்கி, சைலன்ஸரின் குடலை உருவி, 'இனி இது ராக்கெட் சார்' என்றார்கள். அன்று ராத்திரி பூந்தமல்லி ரோட்டில் சோதனை ஓட்டம். ராக்கெட்டேதான்... நாலு நிமிஷம்! திடீரென்று பின் சக்கரம் பிரேக் பிடித்தாற்போல் இறுகி 'க்ரீச்'. கை தானாக கிளட்ச்சைப் பிடித்ததால் இன்றைக்கு இந்தக் கட்டுரை. பின்னால் வந்த லாரி, ஒரு முழம் தள்ளிப் போனது. டிரைவர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஆபீஸில் என் முகத்தைப் பார்த்த அட்டெண்டர், "இன்ஜின் ஜாமா சார்? எங்க ஊர் நைனாகிட்ட கொண்டுபோங்க" என்றார். அவர் ஊர் பொதட்டூர்பேட்டை. துணி லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வேனில், பாவு நூல் மூட்டைக்கும் காலி டிரம்முக்கும் நடுவே, நானும் என் ராக்கெட்டும் ஏறினோம்.

திருத்தணி தாண்டியதும் மலைகள் இரண்டு பக்கமும் கூடவே வருகின்றன. ஆந்திர எல்லை எட்டிப்பிடிக்கிற தூரம். 1960-ல்தான் இந்தப் பகுதி நம் மாநிலத்தோடு சேர்ந்தது. டீக்கடையில் தமிழில் ஆரம்பிக்கிற பேச்சு தெலுங்கில் முடிகிறது. நடுவில் எங்கே மாறியது என்று பேசுகிறவர்களுக்கே தெரியாது. ஊருக்குள் நுழைந்தால் தெருவுக்குத் தெரு விசைத்தறி. 'சடக்... சடக்...' என்று ஊரே ஓர் இன்ஜின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

நைனாவுக்கு ஐம்பது வயசிருக்கும். பாதி நாள் தறி ரிப்பேர், மீதி நாள் வண்டி ரிப்பேர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"சோறு போடாம வேலை வாங்கியிருக்காங்க தம்பி. வாசலைப் பெரிசு பண்ணி காத்தை உள்ள விட்டாங்க. கார்புரேட்டர்ல மெயின் ஜெட் பழசு. காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. சூடு ஏறி பிஸ்டன் உப்பிப் போரைக் கவ்விக்கிச்சு. ஆமா, எங்க ஓட்டினே?"

"பூந்தமல்லி ரோட்ல நைனா."

பிளக்கை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். "ரோட்டுக்குன்னா பழைய மாதிரி ஆக்கித் தர்றேன். ரேஸுக்குன்னா ரேஸ் லைசென்ஸ் காட்டு. அப்புறம்தான் சிலிண்டர்ல கை வைப்பேன்."

எவ்வளவோ கெஞ்சினேன். அவர் பதில் சொல்லவில்லை. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த, வளைந்துபோன ஒரு ஹேண்டில்பாரை மட்டும் பார்த்தார். அட்டெண்டர் என் காலை மிதித்தார். வெளியே வந்து, "நைனாவோட தங்கச்சி மகன் சார். ராத்திரியில பந்தயம்..." என்றார். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

ஃபாரம், ரத்த வகை, டாக்டர் சர்டிபிகேட், போட்டோ என்று அலைந்து ஒரு மாசம் கழித்து லைசென்ஸோடு போய் நின்றேன். அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார். "போட்டோவுல முழிக்கிறியே தம்பி" என்றபடி ஸ்பேனரை எடுத்தார்.

அப்புறம் எட்டு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் என்னைத் தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்.

"பாரு. பாவு நூல் மேலயும் கீழயும் பிரியுது. அந்தச் சந்து திறந்திருக்கும்போதே நாடா இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போயிடணும். லேட்டா போச்சுன்னா? நாடா நடுவுல மாட்டி அத்தனை இழையும் அறும். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல இது நடக்குது. உன் வண்டியும் தறிதான். என்ன, கொஞ்சம் அவசரத் தறி."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆர்.எக்ஸ். 100 தன் முழு பலமான 11 குதிரைசக்தியைக் கொடுப்பது 7,500 சுற்றில். அப்படியென்றால் விநாடிக்கு 125 தடவை வாசல் திறந்து மூட வேண்டும்! இந்த டூ-ஸ்ட்ரோக்கில் புகை வாசலுக்கு வால்வு கிடையாது. பிஸ்டனே கதவு. எரிந்த புகை வெளியே போகும்போது, உள்ளே வந்த புதுக் கலவையிலும் கொஞ்சம் கூடவே ஓடிப்போகும். ரேஸ் சைலன்ஸரின் வயிறு பெருத்துச் சிறுப்பது ஸ்டைலுக்காக இல்லை. அதில் மோதித் திரும்புகிற அழுத்த அலை, ஓடிப்போன கலவையை வாசல் மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடும். அலை முந்தினாலும் பிந்தினாலும் பலனில்லை. கண்டபடி குடலை உருவினால் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

இந்த வித்தையைச் செம்மைப்படுத்தியவர் வால்ட்டர் காடன், கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட். கம்பெனி இன்ஜினீயர். 1961-ல் அவருடைய 125 சி.சி. இன்ஜின் 25 குதிரைசக்தி கொடுத்தது. அதே வருஷம் அவருடைய ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடனில் ரேஸுக்குப் போன இடத்தில், ஊர் திரும்பாமல் தப்பி, ரகசியத்தோடு சுஸுகியில் சேர்ந்தார். 1962-ல் 50 சி.சி. உலகப் பட்டம் டெக்னருக்கும் சுஸுகிக்கும்! நைனாவுக்கு இந்தக் கதை தெரியாது. நான் சொன்னதும், "கெட்டிக்காரன்தான். ஆனா சொல்லிக் கொடுத்தவனை விட்டுட்டு வந்துட்டானே" என்று உச்சுக் கொட்டினார்.

ரேஸ் தயாரிப்பு என்றால் வேகத்தைக் கூட்டுவது என்று நினைத்திருந்தேன். நைனா வேகத்தைத் தொட்டதே ஆறாவது ஞாயிற்றுக்கிழமைதான். அதுவரை ரீபோர், புது பிஸ்டன், சக்கரக் கோணல் எடுத்தல், பிரேக், செயின் தொய்வு. ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் கழற்றி ஒரு கோணிப்பையில் போட்டார். ஆயில் டிரெயின் நட்டில் ஓட்டை போட்டு மெல்லிய கம்பியால் கட்டினார்.

"இது எதுக்கு நைனா?"

"நட்டு கழண்டா ஆயில் டிராக்ல கொட்டும். உனக்குப் பின்னாடி வர்றவனுக்கும் வீட்ல அம்மா இருப்பா தம்பி."

ஜெட் மாற்றுவார். ஆள் நடமாட்டமில்லாத ஒரு தோப்பின் மண் பாதையில் ஓட்டிவரச் சொல்வார். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். வெள்ளை என்றால் பட்டினி. கறுப்பு என்றால் அஜீரணம். காபிப்பொடி நிறம் வரும்வரை விடவில்லை. அடுத்த ஜெட்டில் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும் என்று ஆசைப்பட்டேன். "கிடைக்கும். மூணு ரவுண்டுக்கு. ரேஸ் எத்தனை ரவுண்டு?" என்றார். எட்டு! வாயை மூடிக்கொண்டேன்.

ரேஸ் நாள். நைனா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். புதுமுகங்கள் ரேஸ், பதினாறு வண்டி. கொடி விழுந்ததும் பன்னிரண்டு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். ஹெல்மெட்டுக்குள் அழுகை வந்தது. நாலாவது ரவுண்டில் ஓரமாக ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஐந்தில் இன்னொருவன். பிறகு மேலும் மூன்று பேர். என் வண்டி மட்டும் தறி மாதிரி ஒரே தாளத்தில்... எட்டு ரவுண்டும் முடித்தேன். எட்டாவது இடம். கோப்பை கிடையாது. அப்பா காலரியில் துண்டைச் சுழற்றியதை மட்டும் பார்த்தேன்.

நைனா என்னைப் பார்க்கவில்லை. நேராக இன்ஜினிடம் போய் பிளக்கைக் கழற்றினார். காபிப்பொடி நிறம்! அப்போதுதான் சிரித்தார்.

ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் அதைத் தேடுகிறார்கள். டிராக்குக்கு இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர். ராத்திரி ரோட்டில் சைலன்ஸர் அலறிக்கொண்டு போகும் தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம், நிறுத்தி அந்த ஹேண்டில்பாரைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. ஆசை இருந்தால் லைசென்ஸ் வாங்கு ராஜா, டிராக் ஒரு மணி நேர தூரத்தில்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வண்டியை வேனில் ஏற்றப் போனேன். நைனா தடுத்தார். கையில் அந்தக் கோணிப்பை.

"நாளைக்கு திங்கக்கிழமை. ஆபீஸுக்கு இதுலதானே போகணும்? உக்காரு. லைட்டை மாட்டு."