வேருக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பு

உத்தியோக நிமித்தம் உதகமண்டலத்துக்கு மாற்றலாகிப் போனபோது நாம் இரண்டு கம்பளிகளையும் ஏராளமான உற்சாகத்தையும் எடுத்துச் சென்றோம். மறு வருஷம் தகப்பனார் காலமானார். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தனியே இருந்த தாயாரை அழைத்துக்கொண்டு வந்தோம். அவர் பெட்டியில் நாலு புடைவைகளும், பழைய வேட்டித் துண்டில் முடிந்த ஒரு சிறு முடிச்சும் இருந்தன. தகப்பனார் கடைசியாகப் பயிரிட்ட முண்டு மிளகாயின் விதை அது. எண்ணினால் நாற்பது தேறும்.

ராமநாதபுரத்து முண்டு மிளகாய் உருண்டையானது, தடித்த தோலுடையது. 2023-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் வெயிலிலே பிறந்து வெயிலிலே வளரும் ஜாதி அது. உதகையோ கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. தை, மாசி மாதங்களில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படியும் ஊர்.

தாயார் அதிகம் பேசுவதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள், "ஏப்பா, இதை ஒரு தொட்டியிலே போட்டுப் பார்ப்போமா?" என்று முடிச்சை நீட்டினார். அவர் வந்தபின் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

பதினைந்து விதைகளைத் தட்டிலே ஊன்றி, பகலில் வெயில் படும் ஜன்னல் மேடையில் வைத்தோம். மூன்று வாரமாகியும் முளை காணவில்லை. கிளறிப் பார்த்தால் விதைகள் அழுகிக் கிடந்தன. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தாவர சாஸ்திர ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் ஓர் உஷ்ணமானியைக் கொண்டுவந்து விடியற்காலையில் தட்டின் மண்ணில் செருகினார். 12 டிகிரி சென்டிகிரேடு காட்டியது!

"பகல் வெயிலை நம்பி ஏமாந்தீர்கள். இரவில் வீட்டிலேயே குளிர்ந்த இடம் ஜன்னலோரந்தான். ஈரமண்ணில் நீர் ஆவியாவதால் அது இன்னும் சற்றுக் குளிரும்" என்றார். பிறகு ஒரு கணக்கும் சொன்னார். மிளகாய் விதை முளைக்க 25 முதல் 30 டிகிரி வரையுள்ள மண்ணில் எட்டு நாள் போதும். 20 டிகிரியில் பதின்மூன்று நாள். 15 டிகிரியில் இருபத்தைந்து நாள். 10 டிகிரியில் முளைக்கவே முளைக்காது. தப்பி முளைத்தாலும், குளிர்ந்த மண்ணில் வேர் நீரையும் பாஸ்பரச் சத்தையும் எடுக்கத் திணறும். குளிரும் ஈரமும் சேர்ந்துவிட்டாலோ, நாற்றழுகல் நோய்க்குக் கொண்டாட்டந்தான்.

சூடுதானே வேண்டும் என்று, அடுத்த பதினைந்து விதைகளை வெந்நீர் அடுப்பின் பக்கத்துக் கல்மேடையில் வைத்தோம். மறுநாள் உஷ்ணமானி 45 டிகிரி காட்டியது. விதைகளை வறுத்தெடுத்துவிட்டோம் என்பதைத் தவிர வேறு சொல்வதற்கில்லை. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சம் பத்தே விதை.

வேருக்குச் சூடேற்றும் வித்தை புதிதன்று. ரோமச் சக்கரவர்த்தி டைபீரியஸுக்கு வெள்ளரியின்மேல் தீராத ஆசை. சக்கரம் வைத்த பாத்திகளை வெயிலுக்கு நகர்த்தியும், குளிர் நாட்களில் ஒளி ஊடுருவும் கல் தகடுகளால் மூடியும் தோட்டக்காரர்கள் அதை வளர்த்ததாகப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் குதிரைச் சாணத்தைக் குவித்து, அது மக்கும்போது எழும் சூட்டின்மேல் மண்ணைப் பரப்பிக் குளிர்காலத்திலேயே கீரை விளைத்தார்கள். மோட்டார் வண்டி வந்து குதிரை போயிற்று; அந்தப் பாத்திகளும் போயின. நமது உதகையிலோ கதை நேர்மாறு. 1820-களில் ஜான் ஸல்லிவன் துரை தம் தேசத்துக் காய்கறிகளை இந்தக் குளிரிலே பயிரிட்டார்; நம் தாயார் தம் ஊர் மிளகாய்க்குக் குளிருக்குள்ளே சூட்டைத் தேடினார்.

இந்நாளில் சாணத்துக்குப் பதில் மின்சாரப் பாய் கிடைக்கிறது. ஒரு தட்டுக்குரிய பாய் சுமார் 20 வாட் மின்சாரமே இழுக்கும். மண்ணை அறையைவிட ஐந்து முதல் பத்து டிகிரி வரை உயர்த்தும். தட்டின் அடியில் அதை விரித்தோம். அதன் கீழே ஒரு கம்பளித் துண்டு, தட்டின்மேல் ஒரு கண்ணாடி மூடி. ஜன்னலை விட்டு உள்ளறைக்கு மாற்றினோம். உஷ்ணமானி 25-ல் நின்றது. சூட்டில் மண் சீக்கிரம் உலருமாதலால், தாயார் வெதுவெதுப்பான நீரைத் தினமும் தம் விரலால் தெளித்துவந்தார்.

ஏழாம் நாள் இரவு பெருங்காற்று அடித்து மின்சாரம் நின்றுபோயிற்று. நாம் கம்பளிக்குள் புகுந்து அயர்ந்துவிட்டோம். விடியற்காலையில் பதறி எழுந்து ஓடினால், தட்டின் அடியில் துவாலை சுற்றிய வெந்நீர்ப் பை ஒன்று இருந்தது. தாயாரின் முழங்கால் வலிக்காக வைத்தியர் சொல்லி வாங்கிக் கொடுத்த பை அது. இரவில் இரண்டு முறை எழுந்து விறகடுப்பை மூட்டி வெந்நீர் மாற்றியிருக்கிறார்.

"உங்கள் கால் என்னாவது, அத்தை?" என்று இல்லாள் கடிந்துகொண்டாள்.

"எனக்குப் போர்த்திக்கொள்ளத் தெரியும், தாயீ. அதுக்குத் தெரியுமா?" என்றார் தாயார்.

நமக்கு அன்று வெட்கமாயிருந்தது. கம்பளியும் ஸ்வெட்டரும் வாங்கிக் கொடுத்துக் கடமை தீர்ந்ததென்று இருந்தோமே! ஊரிலிருந்து வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்தவருக்கு மேலே போர்த்தினால் மட்டும் போதுமா? அன்றிலிருந்து மாலையில் உள்ளறையில் நாமும் இல்லாளும் அவர் பக்கத்தில் உட்காரலானோம். நாற்றுத் தட்டைச் சாக்காக வைத்துக்கொண்டு அவர் ஊரையும் தகப்பனாரையும் பற்றிப் பேசத் தொடங்கினார்.

ஒன்பதாம் நாள் முதல் முளை வளைந்த முதுகுடன் தலை காட்டியது. பத்தில் ஏழு முளைத்தன. முளைத்தவுடன் மூடியை எடுத்துவிட வேண்டும். சூட்டையும் குறைத்து வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் தண்டு நீண்டு சோர்ந்துவிடும். கால் வெதுவெதுப்பாகவும் தலை குளிர்ச்சியாகவும் இருப்பதே நாற்றுக்குச் சுகம். அப்படியும் இரண்டு போய்விட்டன. ஐந்தைச் சித்திரையில் தொட்டிகளுக்கு மாற்றி, கண்ணாடி அடைத்த தாழ்வாரத்தில் வைத்தோம்.

ஆடி மாதத்தில் உருண்டைக் காய்கள் தொங்கின. இல்லாள் தாளிப்பதற்குப் பறிக்கப் போனபோது, ஒரு செடியை மட்டும் தொடக்கூடாதென்று தாயார் தடுத்துவிட்டார். அதன் பழங்கள் நன்றாகச் சிவந்தபின் விதையெடுத்து நிழலில் உலர்த்தி, அதே வேட்டித் துண்டில் முடிந்தார். அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை; நமது கையிலே கொடுத்தார்.