பார்த்தவனுக்கு இரட்டிப்பு

தீபாவளியன்று டெல்லி மெட்ரோவின் கடைசி வண்டி வழக்கத்தைவிட முன்னதாக, இரவு 10 மணிக்கே புறப்பட்டுவிடும். லாஜ்பத் நகரில் நண்பன் வீட்டுக்குப் போகும்போதே அவன் அதை நினைவில் வைத்திருந்தான். 9 மணி 40 நிமிடத்துக்கு எழுந்துவிட வேண்டும். சட்டைப்பையில் 2,000 ரூபாய். நெட் தேர்ச்சி இல்லாத ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகை. அதில் முனிர்க்கா அறை வாடகையின் பங்கைக் கொடுத்தபின் மிஞ்சுவது எவ்வளவு என்பதை இதைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த மாதம் வாடகைப் பங்கையும் அவன் இன்னும் கொடுத்திருக்கவில்லை.

லட்சுமி பூசை முடிந்ததும் கூடத்தில் வெள்ளை விரிப்பு போடப்பட்டது. அன்றிரவு சீட்டாடாதவர் அடுத்த பிறவியில் கழுதையாகப் பிறப்பார் என்று நண்பனின் பாட்டி சிரித்தபடி சொன்னார். ஆட்டம் தீன் பத்தி. போக்கருக்கு நெருங்கிய உறவு, ஆளுக்கு மூன்று சீட்டு. (1967இல் ரம்மியைத் திறன் சார்ந்த ஆட்டம் என்று ஏற்ற உச்ச நீதிமன்றம், மூன்று சீட்டு ஆட்டத்தை முற்றிலும் அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது என்று அதே தீர்ப்பில் ஒதுக்கிவைத்தது.) சீட்டைப் பார்க்காமலே பணம் கட்டலாம், பார்த்துவிட்டால் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும்.

அவன் புள்ளியியல் ஆய்வாளன். முதுகலை மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் ‘சூதாடியின் அழிவு’ என்னும் கணக்கை நடத்துபவன். கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1657இல் வெளியிட்ட சிறுநூலின் முடிவில் வைத்த ஐந்து கணக்குகளில் கடைசி அது. ஆட்டம் முற்றிலும் நேர்மையானதாகவே இருக்கட்டும். ஒருவரிடம் 2,000, எதிரே 38,000 என்றால், யாரேனும் ஒருவர் வெறுங்கையாகும்வரை ஆடினால், சிறிய பை காலியாகும் வாய்ப்பு நூற்றுக்கு 95. சிறிய பைக்கு ஒரே காப்பு, இடையில் எழுந்து போவது.

9 மணி 20க்கு அவன் 700 ரூபாய் முன்னால் இருந்தான். 9 மணி 40க்கும் ஏறத்தாழ அப்படியே. அப்போது நண்பனின் அத்தான், “ஜெயித்த பணத்தோடு ஓடப் பார்க்கிறாயா?” என்று விளையாட்டாகக் கேட்டார். அந்தக் கூடத்தில் எவருக்கும் 700 ரூபாய் ஒரு தொகையே இல்லை. எழுந்தால், அது தனக்கு மட்டும் தொகை என்று தெரிந்துவிடும். அவன் உட்கார்ந்தான். தோல்வி நேர்ந்தது அங்கேதான். பிறகு வந்த சீட்டுகளைக் குறைசொல்வது நியாயமில்லை.

பதினொன்றரை மணிக்குக் கையில் 1,100. அவனுக்கு இரண்டு ராஜா விழுந்தன. மற்றவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட, எதிரே பாட்டி மட்டும், சீட்டைத் தொடாமலே. மூன்று சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 22,100. ராஜா ஜோடியை வெல்பவை அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தொடர்ந்து கட்டுவதுதான் சரி. ஆனால் பார்க்காமல் ஆடுபவரைச் சீட்டைக் காட்டச் சொல்லும் உரிமை பார்த்தவனுக்குக் கிடையாது. கட்டலாம், அல்லது கவிழ்க்கலாம். பாட்டி 50 வைத்தார், அவன் 100. மறுபடியும் அப்படியே. பாட்டி 100 ஆக்கினார். அவன் 200 வைத்தான், நான்கு முறை. பேசிக்கொண்டே, பிஸ்தா உடைத்துக்கொண்டே வைத்தார் பாட்டி. அவனிடம் 80 ரூபாய் மிஞ்சியபோது, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே காட்டச் சொன்னார்.

அவர் திருப்பிய மூன்றும் ஆட்டின். இரண்டு, ஏழு, ஒன்பது.

கூடம் ஆரவாரித்தது. பாட்டி பணத்தை அள்ளவில்லை. “பேட்டா, நீ விருந்தாளி, எடுத்துக்கொள்” என்று அவன் பக்கமே தள்ளினார். அதுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. ஆட்டம் என்றால் ஆட்டம்தானே, பாட்டி என்று இந்தியில் சொல்லிச் சிரித்து, மிட்டாய்ப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டான். வாடகைக் காருக்குச் சொல்லியாகிவிட்டது என்று ஒரு பொய்யும் சொன்னான்.

முனிர்க்கா ஏறத்தாழ 10 கிலோமீட்டர். ரிங் ரோடு முழுக்க வெடிப்புகை. எய்ம்ஸ் மேம்பாலத்தின் விளக்குகள்கூட மங்கித் தெரிந்தன. 9 மணி 40க்கும் பாட்டியின் ஒன்பதுக்கும் இடையே எத்தனை முறை கணக்கிட்டாலும், கடைசிக் கைக்குத் தவறு சொல்ல அவனால் முடியவில்லை.

வாடகைப் பங்கு பத்து நாள் தாமதமாகும் என்று காலையில் அறைத்தோழனிடம் சொன்னான். உதவித்தொகை இந்த மாதமும் வரவில்லையா என்று அவன் பரிவோடு கேட்டான். வரவில்லை என்றான்.