பட்டை டீ குடிங்க... மாத்திரையை நிறுத்தாதீங்க!

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில், வெளிநாட்டுப் பயணிகள் வந்துபோகும் ஒரு சின்னக் கடையில்தான் பட்டை டீயை முதன்முதலாகக் குடித்தேன். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஆனாலும் நாக்கில் லேசான இனிப்பு. பிரியாணிக்குப் போடுகிற பட்டையா இது என்று ஆச்சர்யம்!

செங்கல்பட்டுக்குத் திரும்பும்போது, பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டுவதற்குள் போனில் தேடிப் படித்துவிட்டேன். 'சர்க்கரையைக் குறைக்கும், கொழுப்பைக் கரைக்கும்...' உடனே சதுரங்கப்பட்டினத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மாவுக்கு 12 வருடங்களாகச் சர்க்கரை. 'தினமும் குடிம்மா' என்று வாய்ஸ் மெசேஜும் போட்டேன்.

சொன்னதைச் செய்தார் அம்மா. நான் சொல்லாத ஒன்றையும் செய்தார். மூன்று மாதம் கழித்துப் போனபோது ஆள் பாதியாக இளைத்திருந்தார். காலில் ஆறாத ஒரு சின்னப் புண். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்த மாத்திரைகள், பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் பிரிக்காமலே கிடந்தன.

"நீதானே பாப்பா அனுப்புன? ஒரே வியாதிக்கு எதுக்கு ரெண்டு மருந்துன்னுதான் மாத்திரையை நிறுத்திட்டேன்."

எனக்குப் பேச்சே வரவில்லை. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு 10.2 என்று வந்தது. அதற்கு முன்பு 7.4தான்.

மருத்துவர் திட்டவில்லை. "பட்டை டீ நல்ல பானம். ஆனா அது மருந்து இல்லை" என்றார். அதன்பிறகுதான் முழுதாகப் படித்தேன். 2003-ல் பாகிஸ்தானில் 60 சர்க்கரை நோயாளிகளை வைத்து 40 நாள் நடந்த ஆய்வில், பட்டை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது உண்மைதான். ஆனால், அவர்கள் குடித்தது டீ இல்லை. சாப்பிட்டது பட்டைப் பொடி. அதுவும் வழக்கமான மாத்திரையை நிறுத்தாமலே! பிறகு 2012-ல் 'காக்ரேன்' அமைப்பு, மொத்தம் 577 பேர் பங்கேற்ற 10 ஆய்வுகளை அலசி, சர்க்கரை நோய்க்குப் பட்டையைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்றது. நான் அனுப்பிய மெசேஜில் இதில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். மளிகைக் கடையில் கிடைக்கும் தடிமனான, கெட்டியான பட்டை பெரும்பாலும் 'காசியா'. அதில் 'கூமரின்' என்ற பொருள் அதிகம். அளவு மீறித் தொடர்ந்து போனால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கலாம். இலங்கைப் பட்டை மெல்லிசாக, அடுக்கடுக்காகச் சுருண்டு, கையால் நொறுக்கினால் உடையும். அதில் கூமரின் மிகக் குறைவு. தினமும் குடிப்பவர்களுக்கு அதுதான் நல்லது. கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அம்மா இப்போது தினமும் நடக்கப் போவது சதுரங்கப்பட்டினம் கோட்டைப் பக்கம்தான். அதைக் கட்டிய டச்சுக்காரர்கள்தான் ஒரு காலத்தில் இலங்கைப் பட்டை வியாபாரத்தையே கையில் வைத்திருந்தவர்கள்!

மாத்திரை, நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு எல்லாம் திரும்பியது. புண் ஆறிவிட்டது. பட்டை டீயையும் விடவில்லை. அரை அங்குல இலங்கைப் பட்டையை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு, ஒரு டம்ளராகும் வரை சிறு தீயில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, நாலு சொட்டு எலுமிச்சை. அவ்வளவுதான். முன்பெல்லாம் சாயங்காலம் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுப் பால் டீ குடிப்பார். அந்தச் சர்க்கரை வயிற்றுக்குள் போகாமல் இருக்கிறதே, பட்டை டீயில் எங்கள் வீடு கண்ட நிச்சயமான பலன் அதுதான்.

இப்போதும் அம்மாவுக்கு ஆரோக்கியக் குறிப்புகள் அனுப்புகிறேன். ஆனால், கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்: 'மாத்திரை போட்டாச்சாம்மா?'

'டீயும் ஆச்சு, மாத்திரையும் ஆச்சு' என்று பதில் வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி.