கண்ணு தெரியலியா?

எனக்குச் சைக்கிள் விடத் தெரியும் என்பதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் காலம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. கும்மிடிப்பூண்டியில் சைக்கிளுக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறுகிற நேரம் வந்து பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் பிழைக்க வந்த பிள்ளைகள், கைப்பிடியில் சாப்பாட்டுத் தூக்கு ஆட, இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகளுக்கு இடையே புகுந்து புகுந்து போவார்கள். அவர்களோடு நானும் இருபது வருஷமாகப் போய்வந்துகொண்டிருந்தேன். தபாலாபீசு, ரயிலடி, காய்கறிக் கடை எல்லாவற்றுக்கும் என் தகப்பனார் விட்டுப்போன பழைய ஹெர்குலிஸ்தான். 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய ஆலையில் செய்த வண்டி, எனக்கு மூத்தது. பெட்ரோல் கேட்காது; வழியில் ஒரு கதை தோன்றினால் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று யோசிக்கவும் விடும்.

சென்ற வருஷம் மூக்குக் கண்ணாடியை மாற்றப் போன இடத்தில், டாக்டர் என்னை ஓர் இயந்திரத்தின் முன் உட்கார வைத்தார். எதிரே ஒரு வெள்ளைக் கிண்ணம். அதில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தோன்றும். தோன்றும்போதெல்லாம் பொத்தானை அமுக்கவேண்டும். நான் சிரத்தையாக அமுக்கினேன். நடுவில் வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது.

கிளாக்கோமா என்றார் டாக்டர். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தால் பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போவதாம். வலி இராது; எதிரே இருப்பது தெளிவாகத் தெரியும்; ஓரத்தில்தான் உலகம் சுருங்கிக்கொண்டே வரும். போனது திரும்பாது. சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டு வந்தால், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். "லாரி போகிற ரோட்டில் சைக்கிள் வேண்டாம். வண்டி வராத இடமாகப் பார்த்து ஓட்டுங்கள்" என்றார். பிறகு, "உங்கள் குழந்தைகளுக்கும் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள். இது குடும்பத்தில் வரக்கூடியது" என்றும் சொன்னார்.

எனக்கு இருப்பது ஒரே பெண். பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடியட்டும், சொல்லலாம் என்று நானும் என் மனைவியும் தீர்மானித்தோம். பரீட்சை முடிந்தது. ரிசல்ட் வரட்டும் என்றேன். வந்தது. காலேஜில் சேரட்டும் என்றேன். சேர்ந்தாள். அதற்குப் பிறகு எதற்காகக் காத்திருந்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். காரணமே இல்லாமல் காத்திருப்பதற்கும் மனிதனுக்கு ஒரு சாமர்த்தியம் இருக்கிறது.

கிடக்கட்டும். வண்டி வராத இடத்துக்கு எங்கே போவது? ஐரோப்பாவில் டான்யூப் நதிக்கரையோரமாகப் பாசாவிலிருந்து வியன்னா வரைக்கும் சைக்கிளிலேயே போகலாம். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தக் காலத்தில் குதிரைகளைக் கட்டிப் படகுகளை இழுப்பதற்காகக் கரையோரம் போட்ட தடம், இன்று பல இடங்களில் சைக்கிள்காரர்களுக்குப் பாதையாகிவிட்டது. தாத்தாவும் பேத்தியும் ஓட்டிக்கொண்டு போகிற படத்தைப் பார்த்து நான் பெருமூச்சு விட்டேன். நம் பக்கத்திலும் பக்கிங்காம் கால்வாய் இல்லாமலா போயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கி, 1878-இல் ஒரு கவர்னரின் பெயரைச் சூட்டிக்கொண்ட கால்வாய். பழவேற்காடு, எண்ணூர் வழியாகப் போகிறது. ஆனால் பல இடங்களில் கரை எது, சீமைக் கருவேலங்காடு எது என்றே தெரியாது. நன்றாகக் கண் தெரிகிறவர்களுக்கே அந்தக் கதி.

கடைசியில் எனக்குக் கை கொடுத்தது கிருஷ்ணா நதிதான்.

எங்கோ மகாராஷ்டிரத்தில் பிறந்து மசூலிப்பட்டணம் பக்கம் கடலில் விழுகிற நதி, திருவள்ளூர் ஜில்லாவுக்குள் எப்படி வந்தது? 1983-இல் ஆந்திரமும் தமிழ்நாடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தினால் வந்தது. கண்டலேறு அணையிலிருந்து நம் எல்லை வரை 152 கிலோமீட்டர்; ஊத்துக்கோட்டைக்கு அருகே தாமரைக்குப்பத்தில், 'ஜீரோ பாயிண்ட்' என்கிற இடத்தில், நம் எல்லைக்குள் நுழைந்து, பூண்டி ஏரி வரை இன்னும் 25 கிலோமீட்டர். 1996-இல்தான் தண்ணீர் முதன்முதலில் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்குப் போய்ச் சென்னைக் குழாய்களில் இறங்குகிறது. பாதி நகரம் பல் தேய்ப்பது இந்தத் தண்ணீரில்தான்.

கால்வாய்க் கரையில் ஒரு விசேஷம் உண்டு. தண்ணீர் தானாக ஓடவேண்டுமானால் ஏற்றமும் இறக்கமும் உதவாது. கண்ணுக்குத் தெரியாத சரிவு ஒன்று சீராகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். தண்ணீருக்காகப் பார்த்துப் பார்த்து எஞ்சினீயர்கள் வைத்த அந்தச் சமதளம், நாற்பத்தாறு வயதுக் காலுக்கும் ஒத்துவருகிறது. யாரும் சைக்கிளுக்கென்று போட்ட பாதை அல்ல அது. மண்ணும் சரளையுமான கரைத்தடம். எப்போதாவது ஒரு மொபெட், புல்லுக்கட்டோடு ஒரு பெண்பிள்ளை; மற்றபடி கொக்குகளும் நாமும்தான்.

"தனியாகப் போகவேண்டாம். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் முன்னால் போகட்டும்" என்றாள் என் மனைவி. அதற்குள் இருந்த அர்த்தம் எனக்குப் புரிந்தது. மகளுக்குப் புரியவில்லை. புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இரண்டு சைக்கிள்களையும் தெரிந்த பையனின் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு ஊத்துக்கோட்டைக்குப் போய் இறங்கினோம். பத்து மணிக்குமேல் பூண்டிக்கு வந்துவிடு என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டுத் தெற்கே கிளம்பினோம்.

வெயில் இடப்பக்கத்திலிருந்து இதமாக விழுந்தது. வலப்பக்கம் கால்வாய். சிமெண்டுச் சரிவுகளுக்கு நடுவே தண்ணீர் சத்தமில்லாமல், ஆனால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் இறங்கினால் ஏறுவது கஷ்டம். வருஷாவருஷம் குளிக்கப் போனவர்களை அது இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மகள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் போனாள். நான் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். நேர் எதிரே இருந்ததால் அது நன்றாகவே தெரிந்தது. நோயெல்லாம் டாக்டரின் கற்பனை என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் ஆடுகள் வந்தன. இடப்பக்கச் சரிவிலிருந்து ஏறி வந்தனவாம். எனக்கு வெறும் கரை இருந்தது. அடுத்த கணம் சக்கரத்துக்கு அடியில் ஆடு இருந்தது. பிரேக்கை அழுத்தி, இடப்புறமாகச் சாய்ந்து விழுந்தேன். வலப்புறமாகச் சாய்ந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். ஆட்டுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு.

ஆட்டுக்காரப் பெரியவர் கோலை ஓங்கிக்கொண்டு வந்தார். "இன்னா சார்! கண்ணு தெரியலியா?"

தெருவில் ஆயிரம் பேர் ஆயிரம் பேரைக் கேட்கிற கேள்வி இது. யாரும் பதில் சொல்வதில்லை. நான் சொன்னேன்: "ஆமாம் ஐயா. அந்தப் பக்கம் தெரியவில்லை."

திரும்பி ஓடிவந்திருந்த மகள் கலகலவென்று சிரித்தாள். அப்பா வழக்கம்போல வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"அப்பா... நிஜமாவா?"

கரையிலேயே உட்கார்ந்து சொன்னேன். பெரியவரும் கோலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். தமக்கும் புரை எடுத்தார்கள் என்றும், ஆபரேஷன் செய்துகொண்டால் "எல்லாம் சரியாப் பூடும் சார்" என்றும் தைரியம் சொன்னார். இது அந்த ஜாதி வியாதி அல்ல என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சரியாயிடுமா?" என்றாள் மகள்.

"ஆகாது. இருக்கிறது போகாமல் பார்த்துக்கணும்."

"எங்கிட்டே ஏன் சொல்லல்லே?"

"உனக்குப் பரீட்சை..."

"பரீட்சை முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சுப்பா."

மற்றதையும் சொல்லவேண்டியிருந்தது. அவள் கண்ணையும் காட்டும்படி டாக்டர் சொன்னதை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "சரி, அடுத்த வாரம் போகலாம்" என்று எழுந்து, என் சைக்கிளின் திரும்பிப்போன கைப்பிடியை முட்டிக்கு நடுவே வைத்து நேராக்கினாள். என் நோயால் அவளுக்கு வருத்தம் வரக்கூடாது என்றுதான் மறைத்ததாக இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். அவள் முகத்தில் வரப்போகிற மாறுதலைப் பார்க்க எனக்குத்தான் பயம். அந்தப் பயத்தைக் காப்பாற்றிக்கொள்ள, அவள் கண்ணைப் பணயம் வைத்திருந்தேன்.

பூண்டியில் ஏரி கடல்மாதிரி கிடந்தது. கொசஸ்தலையாற்றைத் தடுத்து 1944-இல் கட்டி முடித்து, சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயரை வைத்தார்கள். திருவெண்பாக்கம் என்கிற பாடல் பெற்ற ஊர் அதற்குள் முழுகிவிட்டது. கோயிலை மட்டும் மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறிக் கண்ணிழந்த சுந்தரர், தட்டித் தடவிக்கொண்டு வந்த தலம் அது. கண்ணைக் கேட்டவருக்குச் சுவாமி ஊன்றுகோல் கொடுத்தார். கோபத்தில் அவர் அதை வீசி எறிய, நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பார்கள். அம்பாளுக்கு மின்னொளி அம்மை என்று பெயர். மின்னலாக வழி காட்டினாளாம்.

கதையைக் கேட்டுவிட்டு மகள், "அந்தக் கோலை அவர் திரும்ப எடுத்துண்டாரா?" என்று கேட்டாள்.

"எடுத்துக்கொண்டிருப்பார். காஞ்சீபுரம் வரைக்கும் போகவேண்டுமே" என்றேன்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனோம். அவளும் அந்த வெள்ளைக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து, ஒவ்வொரு 'டக்' சத்தத்தையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவளுக்கு இப்போது ஒன்றும் இல்லை. வருஷம் ஒருமுறை காட்டவேண்டும்.

மாதம் ஒரு ஞாயிறு கால்வாய்க் கரைக்குப் போகிறோம். அன்று விழுந்த இடத்திலிருந்தே அவள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டுவிட்டாள். பள்ளம் வந்தால் ஒரு மணி. ஆடு மாடு வந்தால் இரண்டு. மொபெட் வந்தால் விடாமல் அடிப்பாள். எனக்குத் தெளிவாகத் தெரிகிற பள்ளத்துக்கெல்லாம்கூட அடிக்கிறாள். "எனக்குத் தெரிகிறது, தெரிகிறது" என்று பின்னாலிருந்து கத்துவேன். காதில் போட்டுக்கொள்வதில்லை. சென்ற தடவை ஒரு மைல் தூரம் மணியே அடிக்கவில்லை. நல்ல பாதைதான். ஆனாலும், "ஏன் அடிக்கல்லே?" என்று கேட்டுவிட்டேன்.