முன்சக்கரத்துக்கும் ஒரு பங்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பின போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சைக்கிள் நன்றாக இருக்கிறது. ஆனால் பின் கேரியரில் இரண்டு பை, அதன்மேல் கூடாரம், அதற்கும் மேலே ஸ்லீப்பிங் பேக், உச்சியில் செருப்பு! முன்சக்கரம் மட்டும் சும்மா நிற்கிறது. இந்தக் கோலத்தில் மணாலியிலிருந்து கிளம்பாதே கண்ணு.

எடையைக் குறை என்று உனக்கு நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப் போவதில்லை. மலைப்பாதையின் குளிருக்கும் பசிக்கும் வேண்டியதைச் சுமந்துதான் ஆக வேண்டும். எதை எங்கே வைக்கிறாய் என்பதில்தான் எனக்குக் கவலை. பாரம் முழுக்கப் பின்னால் இருந்தால், செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் அலைபாயும். இறக்கத்தில் அதைவிட மோசம். உயரத்தில் கட்டிய சாமான் ஆடத் தொடங்கினால் வேகத்தில் வண்டியே நடுங்கும். அப்படி நடுங்கினால் பிடியை இறுக்காதே. ஒரு முழங்காலைப் பிரேமின் மேல்குழாயோடு ஒட்டி அழுத்தி, பிரேக்கை மெல்லப் பிடித்து வேகத்தைக் குறை.

நம் ஊர்ப் பால்காரர் கேன்களைக் கேரியரின் இரு பக்கமும் தாழ்வாகத்தான் தொங்கவிடுவார். நீயும் அப்படியே செய். முன் ஃபோர்க்கில் லோரைடர் கேரியர் மாட்டு. பைகளின் நடுப்பகுதி சக்கரத்தின் அச்சு உயரத்துக்கு வந்தால் சரி. அடுப்பு, டூல்ஸ், அரிசி போன்ற கனமான சாமான்கள் பையின் அடியில், சக்கரத்தை ஒட்டிய பக்கம் போகட்டும். பின்னால் 60, முன்னால் 40 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். உன் உடம்பு எடையில் பெரும்பங்கைப் பின்சக்கரம் ஏற்கெனவே தாங்குகிறது. அதனால் சாமானைப் பாதிக்குப் பாதி பிரித்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஹேண்டில்பார் பையில் மட்டும் கனம் ஏற்றாதே. கேமராவும் பணமும் போதும்.

முன்பைகள் இரண்டையும் ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டுச் சமப்படுத்து. பின்னால் இடம் வலம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் வண்டி பொறுத்துக்கொள்ளும், முன்னால் பொறுக்காது. பின்பைகளைக் குதிகால் தட்டாத அளவுக்கு மட்டும் பின்தள்ளு. அதற்கு மேல் தள்ளினால் வால் ஆடும்.

இவ்வளவும் கிளம்புகிற காலையில் சரியாக இருக்கும், மூன்றாம் நாள் இருக்காது. ஏனென்றால் சாப்பாடு தீர்ந்துகொண்டே வரும். அவலையும் கடலைமிட்டாயையும் ஒரே பையில் அடைத்தால், அந்தப் பக்கம் தினமும் இளைத்துக்கொண்டே போகும். இரண்டு பக்கமும் பிரித்து வைத்து, மாற்றி மாற்றி எடுத்துச் சாப்பிடு. தண்ணீரைப் பிரேமின் நடுவில் வை. காலியானாலும் எந்தப் பக்கமும் சாயாது. உன் வழியில் சர்ச்சு தாண்டியதும் வரும் காட்டா லூப்ஸில் 21 வளைவுகள். அங்கே தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடப்பதைப் பார்ப்பாய். தாகத்தில் செத்துப்போன லாரி கிளீனரின் ஆவிக்குப் போகிறவர்கள் வைக்கும் படையல் என்பார்கள். ஆவி கிடக்கட்டும், நீ அங்கே வரும்போது உன் பாட்டில் நிறைந்திருக்க வேண்டும். ராத்திரி கூடாரத்துக்குள் போவதற்கு முன் பைகளைக் கையால் தூக்கிப் பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றிவிடு.

குளிர் ஜாக்கெட்டும் மழைக்கோட்டும் மேலாக இருக்கட்டும். 5,328 மீட்டர் உயர தாங்லாங் லா கணவாயில் விறைத்த விரலோடு பையைக் குடைய முடியாது. அங்கேயிருந்து இறங்கும்போதுதான் காற்று எலும்பு வரைக்கும் போகும்.

கேரியர் போல்ட்டுகளைத் தினமும் ஒருமுறை இறுக்கிப் பார். கரடுமுரடான பாதையில் அவை தாமாகவே கழன்றுகொள்ளும். நாலைந்து உபரி போல்ட்டும் ஸ்போக்ஸ் கம்பிகளும் எடுத்துக்கொள். பின்சக்கரத்தில் செயின் பக்கத்துக் கம்பி உடைந்தால், பற்சக்கரக் கட்டைக் கழற்றாமல் மாற்ற வராது. அதைக் கழற்றும் கருவி இல்லாமல் போகாதே.

ரயில் ஏறுவதற்கு முன், முழுப் பாரத்தோடு ஆழியாறிலிருந்து வால்பாறை வரை ஏறி இறங்கு. 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, நீ சாமான் கட்டிய விதம் தேறுமா என்று அங்கேயே தெரிந்துவிடும். காலிச் சைக்கிளில் போய்வந்துவிட்டு ஆச்சு என்று சொல்லாதே. எந்த வளைவில் எந்தப் பக்கம் இழுத்தது என்று குறித்துவைத்து, இறங்கின அன்றைக்கே எனக்கு போன் பண்ணு. சாமானை இடம் மாற்றிவிட்டு மறுபடியும் ஏறலாம்.

அம்மா உனக்காக இட்லிப்பொடி அரைத்து ஒரே பெரிய டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். இரண்டு பொட்டலமாகப் பிரித்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன். திட்டிக்கொண்டேதான் கட்டுகிறாள்.

அன்புடன்,
அக்கா